மலை ஏறாத கார்

முக்கி முனகியபடி இம்தியாஸின் குட்டிக் கார் குணத்தின் கராஜுக்குள் வந்து நின்றது. புது சைலன்சர் போட்டும் பாலத்து ஏற்றத்தில்கூட இழுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியை ஏற்றிக்கொண்டு நுவரெலியா மலை ஏற வேண்டும். போன மாதம் அவரையே இறக்கித் தள்ள வைத்த கேலி இன்னும் ஓயவில்லை.

“குணம், எப்பிடியாவது எஞ்சின்ல ரெண்டு குதிர சக்தி கூட்டித் தாங்க.”

குணம் எஞ்சினைத் தொடவேயில்லை. ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒட்டியிருந்த செருப்புத் துண்டைப் பிய்த்தெடுத்தான்.

“குதிர எல்லாம் உள்ளதான் இருக்கு, இம்தியாஸ் நானா. பாதிக்கு மேல மிதிபடாம இது தடுத்திருக்கு. ஆரு வெச்ச?”

பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி நஜ்லா கணவனிடம் மெல்லச் சொன்னாள்:

“நான்தான். நீங்க விடியச் சுபஹு தொழுதிட்டுத் திரும்பப் படுக்கிற நேரம், கடக்கரை ரோட்டில கார் ஓடிப் பழகுறன். பாய்ஞ்சிரும் எண்டு பயம்.”