ராஜா என்ன செவிடா?

அரண்மனையில் அவளை எல்லோரும் ‘ரகசியம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அவள் குரல். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டால்கூட, ஏதோ ரகசியம் சொல்ல வருகிறாள் என்று காதைக் கொடுப்பார்கள். இயற்பியல் படித்தவள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரண்மனையைச் சுற்றிக்காட்டிப் பாடம் நடத்தும் வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள். அதில் அவள்தான் முதல். எழுத்துக்கு ஏது குரல்?

சேர்ந்த பிறகுதான் தொல்லை. அவள் சொல்வதைப் பிள்ளைகள் காதில் வாங்கவில்லை. வாங்க வழியும் இல்லை. கூட வேலை பார்த்த மூத்த வழிகாட்டிக்குப் பட்டப்பெயர் ‘வெண்கலம்’. அவர் வாயைத் திறந்தால் கூரைமேல் உட்கார்ந்த புறாக்கள் பறந்துவிடும்.

அன்று காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இன்னிக்கு வர்ற ஸ்கூலை நீ பாரு. நானும் கூட நிக்கிறேன். பிள்ளைங்க நீ சொல்றதைக் கேட்டா சரி. இல்லைன்னா நாளையிலேருந்து டிக்கெட் கவுண்டர். அங்க கண்ணாடிக்குப் பின்னால நீ என்ன முணுமுணுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்ல.”

அவள் ஏதோ சொன்னாள்.

“சத்தமா சொல்லு, கேக்கல!”

“சரிங்க சார்னு சொன்னேன்.”

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கொஞ்ச நாள் முன்பு, கூட்டமில்லாத நேரத்தில், அரசவை மண்டபத்தின் ஒரு கோடியில் நின்று அம்மாவிடம் ஃபோனில் புலம்பிக்கொண்டிருந்தாள். மனு கொடுக்க வந்தவர்கள் நிற்கும் இடம் அது. தரையில் நட்சத்திரம்போல் ஒரு கல் பதித்திருக்கும். “அம்மா, எங்க மேனேஜர் இருக்காரே, சரியான சிடுமூஞ்சி” என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, மண்டபத்தின் மறுகோடியிலிருந்து காவலாளி சிரித்தார்.

“கரெக்டா சொன்ன தாயி!”

அவளுக்கு உயிரே போய்விட்டது. அம்மாவுக்கே சரியாகக் கேட்காத குரல் அவருக்கு எப்படிக் கேட்டது? பயம் தெளிந்ததும் அண்ணாந்து பார்த்தாள். முட்டையை நீளவாக்கில் அறுத்துக் கவிழ்த்த மாதிரிக் கூரை. அப்படிப்பட்ட கூரையின் கீழ் ஓர் இடத்தில் எழும் ஒலி, மேலே பட்டுத் தெறித்து, இன்னோர் இடத்தில் ஒன்றுகூடும். காவலாளி நின்ற இடத்தில் சிவப்புக் கம்பளத்தின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல்குறி போட்டுவைத்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். வந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, கொட்டினார்கள்.

“அக்கா, இங்க பேய் இருக்கா?”

“டேய், என் தொப்பியைக் குடுறா!”

“மிஸ், இவன் தூணை நக்குறான் மிஸ்!”

“இந்த மண்டபம்...” என்று அவள் ஆரம்பித்தாள். அவள் உதடு அசைந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. டீச்சர் கைதட்டிக் கத்தினார். இரைச்சல் இன்னும் ஏறியது. வாசலில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெண்கலம் அவளருகே வந்து, “மைக்கு தரட்டுமாம்மா?” என்றார். கிண்டல் இல்லை, இரக்கம். அது இன்னும் வலித்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கூட்டத்திலேயே பெரிய வாய் எது என்று பார்த்தாள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி. அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பெருக்கல்குறிமேல் நிறுத்தினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

“என்ன, ஓடிட்டாளா?” என்றார் மேலாளர்.

ரகசியம் நட்சத்திரக் கல்லில் ஏறி நின்று, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: “ஓட்டைப்பல்லி, உன் பாக்கெட்ல மிட்டாய் இருக்கு. எனக்கு ஒண்ணு தருவியா?”

“ஐயய்யோ!” சிறுமி துள்ளினாள். “அந்த அக்கா என் காதுக்குள்ள பேசுறாங்க! மிட்டாய் கேக்குறாங்க!”

“பொய்!”

“நீயே வந்து நில்லுடா!”

அவ்வளவுதான். முட்டி மோதி வரிசை நின்றது. ஒருவன் பெருக்கல்குறிமேல் நின்று காதைக் குவித்துவிட்டு, “ஏய், எல்லாரும் வாயை மூடுங்க! ஒண்ணும் கேக்கல!” என்று அதட்டினான். டீச்சரால் ஆகாதது நடந்தது. மண்டபம் கப்சிப். அந்த அமைதிக்குள் அவள் ஒவ்வொரு காதாகக் கூரையைப் பற்றியும், தெறித்து வரும் ஒலியைப் பற்றியும், ராஜாவிடம் பயந்து பயந்து மனு சொன்னவர்களைப் பற்றியும் பேசினாள். கேட்டவர்கள் கேளாதவர்களுக்குச் சொன்னார்கள்.

அப்போது தொப்பிக்காரன் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே கிடந்த சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டினான்.

“இங்க ஒரு மண்ணும் கேக்கலையே. ராஜா என்ன செவிடா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். ரகசியம் சிரிக்கவில்லை. இத்தனை நாள் அவளுக்கே தோன்றாத கேள்வி அது.

“ராஜா செவிடு இல்லடா,” என்றாள் ஓட்டைப்பல்லி. “நாற்காலியைத்தான் யாரோ தப்பா போட்டுட்டாங்க!”

“ஃபோட்டோ எடுக்க வெளிச்சம் வேணும்னு நம்ம ஆளுங்கதான் அங்க போட்டாங்கன்னு நினைக்கிறேன்,” என்று வெண்கலம் முதன்முறையாக மெல்லிய குரலில் சொன்னார். “நான் சேர்றதுக்கு முன்னாலயே.”

ரகசியம் ஓடிவந்தாள். “சார், கம்பளத்தைத் தூக்கலாமா?”

மேலாளர் அவளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். “தூக்குங்க.”

ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து மடக்கினார்கள். பெருக்கல்குறி இருந்த இடத்துக்கு நேர்கீழே கல்தரையில் நான்கு குழிகள், சிங்கப் பாத வடிவில். சிம்மாசனத்தின் கால்களும் சிங்கப் பாதங்கள்தாம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் உண்மையாகவே புறாக்கள் பறந்தன. இந்தமுறை அவளும் கத்தினாள்.

மேலாளர் குழிகளுக்கு நடுவே போய் நின்றார். ஓட்டைப்பல்லி நட்சத்திரக் கல்லுக்கு ஓடி, கிசுகிசுத்தாள். மேலாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். சிடுமூஞ்சி சிரித்ததை அன்றுதான் அரண்மனை பார்த்தது.

பட்டனைச் சரிசெய்துகொண்டே, ரகசியத்தை நட்சத்திரக் கல்லுக்குப் போகும்படி சைகை காட்டினார். அவள் போய் நின்றாள். அவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக மெதுவாகப் பேசினார்.

“நாளைக்கு ரெண்டு ஸ்கூல் வருது. ரெண்டும் உனக்குத்தான். சிம்மாசனத்தையும் இங்கயே போடச் சொல்றேன்.”

ஒவ்வொரு சொல்லும் அவள் காதுக்குள் தெளிவாக வந்து இறங்கியது. அவள் இடுப்பில் கைவைத்தாள்.

“சத்தமா சொல்லுங்க சார், கேக்கல!”