எந்தப் பக்கம் திருப்பினால் கழலும்

மறுநாள் காலை அவள் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர வேண்டும். பெட்டிகள் பின்சீட்டில் ஏறிவிட்டன. அப்பா அவளுக்கு விட்டுப்போன பழைய கார்தான் தகராறு செய்தது. விசிறியைச் சுழற்றும் ஃபேன் கிளட்ச் போய்விட்டதால், கொஞ்ச தூரம் ஓடினாலே ரேடியேட்டர் கொதித்தது. புதியதை வாங்கி வைத்திருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப் ஒன்றும் திறக்கவில்லை.

“நானே கழட்டி மாட்டித் தர்றேன்,” என்றான் கணவன்.

அவன் லாரி டிரைவர். நடுவழியில் நின்ற வண்டியைக் கையில் கிடைத்ததை வைத்துக் கிளப்பிவிடுவான். அவளுக்கு இந்த நர்ஸ் வேலை வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் தானாக இப்படிச் சொன்னதும் அவளுக்கு மனது இளகிவிட்டது.

விசிறியோடு சேர்ந்து சுற்றும் புல்லிச் சக்கரத்தைப் பிடிப்பதற்கென்று உள்ள கருவி வீட்டில் இல்லை. அது சுற்றாமலிருக்க அதன் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே கொடுத்து, அவளை அழுத்திப் பிடிக்கச் சொன்னான். கிளட்ச்சைப் பிடித்திருந்த நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டி வலப்பக்கமாகச் சுத்தியலால் அடித்தான். அசையவில்லை.

“இது தலைகீழ் மரை. வலப்பக்கம்தான் கழலும். துரு பிடிச்சிருக்கு, அதான்.”

எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மறுபடி அடித்தான். அவள் உள்ளங்கை கன்றிப்போனது.

“கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க கையை நான் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கல,” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. “இன்னைக்கு ஆகாது. வர முடியலன்னு போன் பண்ணிச் சொல்லிடு.”

அந்தக் குரலில் இருந்த நிம்மதி அவளை உறுத்தியது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“போன வருஷம் வாட்டர் பம்ப் மாத்தினப்போ நான்தானே டார்ச் பிடிச்சேன். அன்னைக்கும் இதே நட்டைத்தானே கழட்டினீங்க, இடப்பக்கம்தானே திருப்பினீங்க?”

“ஞாபகம் இல்ல.”

“கழட்டறேன்னு சொல்லிட்டு காலையிலேருந்து இறுக்கிட்டா இருக்கீங்க?”

அவன் சுத்தியலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அப்போ போன வாரம் பேட்டரி இறங்கிப்போச்சே, அதுவும் உங்க வேலைதானா?”

“நீ போனா திரும்பி வரமாட்டே.”

“வாரா வாரம் வர்றதாத்தான் இருந்தேன்,” என்று சுத்தியலைப் பிடுங்கினாள். “பிடிங்க அதை.”

அவன் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தான். அவள் ஸ்பேனரைத் திருப்பி மாட்டி இடப்பக்கமாக அடித்தாள். நன்றாகத்தான் இறுக்கியிருந்தான். ஓர் அடி நழுவி அவன் விரலில் விழுந்தது. ரத்தம் வந்தது. அவன் கையை எடுக்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அடுத்த அடியில் ‘டக்’கென்று நட்டு இளகியது.

புதியதை அவனே மாட்டினான். எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று ஒவ்வொரு சுற்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். என்ஜினை வெகுநேரம் ஓடவிட்டுச் சூடு ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

பிறகு அவன் விரலைக் கழுவி, மருந்து வைத்து, எந்த நோயாளிக்கும் போடுவதுபோல ஒழுங்காகக் கட்டுப் போட்டாள்.

“எப்ப வருவே?” என்றான்.

“தண்ணி படாம பாத்துக்குங்க. நாளைக்குக் கட்டு மாத்தணும். தெருமுனை கிளினிக்ல கேட்டா மாத்தி விடுவாங்க,” என்றாள், காரில் ஏறிக்கொண்டே.