வயலட் டீச்சருக்கு ஒரு நல்ல படம்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை எமிலி அக்கா. போன பெரிய வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில், வலைப்பூ எழுதுகிறவர்கள் பதிவுக்கு மேலே யார் படத்தைப் போடுகிறார்களோ, எழுதியது அவர்களுக்கு நடக்கும். அதனால் அங்கே நல்ல படம் கிடைப்பது பெரும்பாடு. பாயசத்தைப் பற்றி எழுதினால் ஆள் வரிசையில் வந்து நிற்கும். மஞ்சள்காமாலைக்கு யார் முகம் கொடுப்பார்கள்? ஒருவர் பஸ் நிறுத்தத்து பெஞ்சைப் படம் பிடித்துப் போட்டார். பெஞ்சு மஞ்சளித்துப் போனது. அக்கம்பக்கத்தார் கீழாநெல்லி அரைத்துப் பூசினார்கள். அது தேறும்வரை அதன்மேல் உட்கார்ந்து யாரையும் வடை தின்ன விடவில்லை. இணையத்தில் சும்மா கிடைக்கிற படங்களில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கோ, எல்லா நோவும் ஏற்கெனவே வந்து தீர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட ஜனங்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

பியூலா அந்த ஊர்க்காரி. புருஷன் இல்லை. ஒரே மகன் ரூபன், தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் போனைத் திறந்தாள். வயலட் டீச்சரின் வலைப்பூவில் ரூபன் சிரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் வீட்டு மோட்டாரைச் சரிசெய்து, குழாயில் தண்ணீர் கொட்டியபோது சிரித்த சிரிப்பு. அதற்குக் கீழே தலைப்பு: ‘போனவர் திரும்பவில்லை’. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. டீச்சருக்கு அது பழக்கம். படமும் தலைப்பும் முதலில் போடுவார்கள். காப்பி குடித்து முடித்த பிறகுதான் எழுத உட்காருவார்கள்.

ரூபன் பையோடு உள்ளறையிலிருந்து வந்தான்.

“எங்க மக்ளே?”

“தெரியலம்மா. போறேன்.”

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் ‘போயிட்டு வாறேன்’ என்றுதான் சொல்லுவான். பியூலா வாசலில் கிடந்த அவன் செருப்பில் ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் அந்தச் செருப்பு பஸ் நிலையத்துப் பக்கமாக அவளை இழுத்தது.

வயலட் டீச்சர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், அது எம்பிள்ளை.”

“தெரியும். கேட்டா நீ தரமாட்ட, அதான் கேக்கல. எப்படிச் சிரிக்கான் பாரு. இப்படி ஒருத்தன் வரலைன்னாத்தான் படிக்கிறவங்க அழுவாங்க.”

“எழுதாதீங்க டீச்சர்.”

“தலைப்பு போட்டாச்சே. வேற படம் இருந்தாக் காட்டு. நல்ல படமா இருக்கணும்.”

பியூலா முதலில் தன் படங்களைத்தான் காட்டினாள். ஒவ்வொன்றிலும் அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடிட்டு நீ எங்க போவ? தெரு முக்குல விழுந்துதான் கெடப்ப,” என்று டீச்சர் ஒரு வாய் குடித்தார்கள்.

மற்றவற்றில் பாதி இருட்டு, பாதி ஆட்டம்.

“உன் போன்ல ஆளைவிட உன் விரலுதான் ஜாஸ்தி, பியூலா.”

தம்ளரில் காப்பி இறங்கிக்கொண்டே வந்தது. செருப்பு அவளை வாசல் பக்கம் இழுத்தது. அவள் இயேசப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரையைத் தள்ளினாள். அவள் வீடு வந்தது. பச்சைக் கதவு, கிறிஸ்துமஸுக்குக் கட்டி இன்னும் இறக்காத காகித நட்சத்திரம், சுவரில் சாய்ந்து விழுந்த வெயில்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“இது படம். இந்தப் படிக்கட்டுதான் இடைஞ்சல்.”

படத்தின் அடிப்பக்கத்தை விரலால் வெட்டிவிட்டு, ரூபனை நீக்கிய இடத்தில் வீட்டை வைத்தார்கள். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

பியூலா திரும்பி நடந்தாள். செருப்பு இப்போது முந்தானைக்குள் சும்மா கிடந்தது.

ரூபன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பை பக்கத்தில் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் பப்பாளி மரமும், பின்வீட்டுக் கொடியில் காயும் துணிகளும் நேராகத் தெரிந்தன.

“வீடு எங்க மக்ளே?”

“போறேன்னு சொல்லிச்சும்மா.”

“வாறேன்னு சொல்லலியா?”

“இல்ல.”

அவள் செருப்பைக் கொடுத்தாள். அவன் அதை ஜோடியோடு சேர்த்துப் படியோரம் வைத்துவிட்டு, காலைத் தட்டிக்கொண்டு, வீடு இருந்த இடத்துக்குள்ளே போனான். அவள் பின்னாலேயே போய் இல்லாத கதவைச் சாத்தினாள்.

உங்கள் ஊர்ப் பக்கம் பச்சைக் கதவும் காகித நட்சத்திரமுமாக ஒரு வீடு வந்து நின்றால், ஒரு உபகாரம் செய்யுங்கள். உள்ளே போய் அடுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். பியூலா பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.