வொயில் சேலை ராகத்தில் ஒரு மகளின் பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. 1979, பதுளை. சாப்பாட்டை நினைத்துக்கொண்டு போனவன், ஒரு மனிதர் வாய் திறந்ததைப் பார்த்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பினேன்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது: 'மொழியை இழந்த தாஸிம்...'

(அடித்துவிட்டேன். அவர் எதையும் இழக்கவில்லை. எல்லாம் விளங்கியது. சொல்தான் தொண்டையோடு நின்றது.)

2

தாஸிம் துணி வியாபாரி. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்டதும் லுணுகலைச் சந்தையில் சேலைகளை விரித்துக் கூவுவார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் அவரிடம் ஒரே சொல் மிஞ்சியது: 'நாளைக்கு'. பசிக்கிறதா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான்.

மகள் உம்மு குல்தூமுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிக்காஹ்வில் மகளைத் தருவதாக வாப்பா வாயால் சொல்ல வேண்டும். வேறொருவரைச் சொல்லவைக்கலாம் என்றார்கள். தாஸிம் கோப்பையைத் தூக்கி எறிந்தார்.

3

ஜெனீரா, தாஸிமின் மனைவி, பிறகு எனக்குச் சொன்னது இது.

ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க தனலெட்சுமி என்றொரு பெண் வந்துபோனார். (முதல் பிரதியில் அவரை மந்திரக்காரியாக்கியிருந்தேன். அபத்தம். அவர் பொறுமையாகக் கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.)

"மிஸ், எதக் கேட்டாலும் அந்த ஒண்டுதான் வருது."

"யாவாரத்துல எப்படிங்க கூவுவாரு?"

ஜெனீரா வெட்கப்பட்டுக்கொண்டே கூவிக் காட்டினார். தனலெட்சுமி தாஸிமின் இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்டினார்.

"வாங்க வாங்க... வொயில் சேல!"

கூவியது தாஸிம்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். பேச்சுக்குப் பூட்டிய கதவு ராகத்துக்குத் திறக்கிறது. மனிதத் தலைக்குள் இப்படியொரு வழி இருப்பதை

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

பிறகு அதே ராகத்தில் புதுச் சொற்கள். "தண்ணி தாங்க." வீட்டில் ஜெனீரா தட்டத் தட்ட, மாதக்கணக்கில். ஒன்றுமே வராத நாட்களும் உண்டு.

4

கல்யாண நாள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த லெப்பை, மகளைத் தருகிறீரா என்று கேட்டார். தாஸிம் வாயைத் திறந்தார். வரவில்லை. பக்கத்திலிருந்தவர் எடுத்துக்கொடுக்கக் குனிந்தார்.

"சொல்லிக் குடுக்காதீங்க!" பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஜெனீரா. "அவர் சொல்லுவார்."

தாஸிமின் இடது கை தொடையில் தட்டத் தொடங்கியது. சந்தை ராகத்தில் வந்தது:

"என்ட... மகள்... உம்மு குல்தூம..."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

(மீதியை அருவிபோலப் பொழிந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். அதோடு நின்றுவிட்டார் என்று இன்னொன்று. அதுவும் பொய்.)

கல்யாணம் நடந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மிச்சச் சொற்களை நான் எழுதமாட்டேன், அவை அவருடையவை. வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீங்களும் கொஞ்சம் இருங்கள். கை தட்டிக்கொண்டிருக்கிறது, உதடு அசைகிறது