மாதாட வலது கை

கற்பிட்டியில மரியநாயகம் முதலாளிட பெரிய வீட்டு முன்னறைய சனம் நூதனசாலை எண்டுதான் சொல்லும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. ஒல்லாந்தர் பீங்கான், துருப்பிடிச்ச வாள், கப்பல் படம் எல்லாம் அங்க இருந்தது. எல்லாத்திலயும் விலை கூடினது பறங்கியர் காலத்து மாதா சுருவம். முழங்கால் உயரம், மரத்தில செதுக்கினது. கொழும்புத் துரைமார் வந்து பாத்திட்டுப் போற சாமான்.

அந்த அறையக் கூட்டித் துடைக்கிறது பக்கத்து ஊர் எத்தாளை யூஜீனியாட வேலை. புருசன் மனுவேல் கடலுக்குப் போறவன். சோளகக் காத்தில தோணி கரையில கிடந்ததால அவள்ட வேலையிலதான் அடுப்பு எரிஞ்சது. ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லாததால மகள் டொறத்தியும் சின்னவன் அல்பிரட்டும் கூட வந்திருந்தாங்க.

மத்தியானம் காவல்காரர் ஹயாத்து முகம்மது தொழப் போகக்க, வாறவரைக்கும் அறையப் பாத்துக்கொள்ளச் சொல்லி யூஜீனியாட்டச் சொல்லிட்டுப் போனார். ஓம் நானா எண்டவள், வாளியத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போய், சமையல்காரி றோசாவோட கதைச்சுக்கொண்டு நிண்டுட்டாள்.

பிள்ளையள் ரெண்டும் மாதாவப் பாத்துதுகள். பூ இல்ல, மெழுகுதிரி இல்ல. ஊர்த் திருநாளில மாதாவக் கூட்டில, அந்தச் சின்னச் சப்பரத்தில, வச்சுத் தூக்கிச் சுத்துறதப் பாத்து வளந்ததுகள்.

"பாவம் இந்த மாதா. இவவ ஒருத்தரும் சுத்திக் காட்டேல்ல" எண்டாள் டொறத்தி.

கதிரை கூடாச்சு. தூசி தட்டுற துணி முக்காடாச்சு. முன்னால தம்பி, பின்னால அக்கா, கோயில் பாட்டும் பாடினாங்க. ஊரில வெடி கொளுத்துவாங்களே, அதுவும் வேணுமெண்டு அல்பிரட் வாயால வெடி விட்டுத் துள்ளினான். கதிரை சரிஞ்சது. மாதாட வலது கை மணிக்கட்டோட உடைஞ்சு போச்சு.

சுருவத்த எடுத்த இடத்திலயே, உடைஞ்ச பக்கம் சுவருக்குத் திரும்ப வச்சிட்டு, கைய டொறத்தி சட்டைக்குள்ள ஒளிச்சுக்கொண்டாள். வீட்டுக்குப் போற வழியிலதான் அம்மாவுக்குக் காட்டினாள். யூஜீனியா ரெண்டு பேருக்கும் அடி போட்டாள். பிறகு வேலைய நினைச்சாள். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு சொல்லி, கையத் துணியில சுத்தி றங்குப்பெட்டிக்கு அடியில வச்சாள்.

அடுத்த நாள் முதலாளி கண்டுட்டார். காவல விட்டுப் போனது என்ட பிழை எண்டு மட்டும் ஹயாத்து முகம்மது சொன்னார். யூஜீனியாட பேர இழுக்கேல்ல. முதலாளி அவர வேலைக்கு வரவேண்டாமெண்டுட்டார்.

அதோட முடியேல்ல. சோனவருக்குச் சுருவம் பிடிக்காதுதானே, வேணுமெண்டுதான் உடைச்சிருப்பார் எண்டு தேத்தண்ணிக் கடையில கதை கிளம்பிச்சு. நாலு இளந்தாரிமார் அவர்ட வீட்டுக்குப் போய்க் கேக்கப் போறாங்களாம் எண்டு றோசா வந்து சொன்னாள். எங்களுக்கேன் அந்தக் கதை எண்டு யூஜீனியா கூட்டுறதிலயே நிண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் கோயில் சுவாமியாரிட்டப் பாவத்தச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்குப் போக டொறத்திக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மெதுவாக் கேட்டாள்.

"அம்மா, சுவாமிக்கும் சொல்லாம விடவா?"

சீப்பு பாதித் தலையில நிண்டுபோச்சு. யூஜீனியா எழும்பிப் போய் றங்குப்பெட்டியத் திறந்தாள்.

பிள்ளையக் கையில பிடிச்சுக்கொண்டு நேராத் தேத்தண்ணிக் கடைக்குத்தான் போனாள். அந்த இளந்தாரிமார் அங்கதான் இருந்தாங்க.

"மாதாவ உடைச்சது என்ட பிள்ளையள். பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லிட்டுப் பாக்காம விட்டது நான். யாரயாவது கேக்கவேணுமெண்டா என்னக் கேளுங்க" எண்டாள்.

இளந்தாரிமார் ஒவ்வொருத்தரா எழும்பிப் போனாங்க. அங்கயிருந்து முதலாளி வீட்டு முன்வாசலால ஏறி, மாதாட உடைஞ்ச கைய மேசையில வச்சாள். இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லயெண்டு முதலாளி கேட்டார்.

"வேலை போயிடுமெண்டு பயந்தன் ஐயா. போறதெண்டாப் போகட்டும். அந்த மனிசன்ட பேர் போகக்கூடாது."

முதலாளி ஆள் அனுப்பி ஹயாத்து முகம்மதுவக் கூப்பிட்டு, விசாரிக்காம விரட்டினது தன்ட பிழையெண்டு சொன்னார். டொறத்தி அழுதுகொண்டு நடந்ததெல்லாம் சொன்னாள். ஹயாத்து முகம்மது கேட்டுக்கொண்டிருந்திட்டுத் தாடியத் தடவினார்.

"கூடு தூக்க நாலு பேர் வேணும் மகள். ரெண்டு பேர் காணாது. அடுத்த முறை என்னையும் கூப்பிடு."

முதலாளிக்கே சிரிப்பு வந்திட்டுது.

அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சது. யூஜீனியாவ அறையில இருந்து எடுத்து வெளி முற்றம் கூட்ட விட்டாங்க. ஆசாரி வந்து கைய ஒட்டினார். கிட்டப் பாத்தா வெடிப்புத் தெரியும்.

கிணத்தடியில றோசா கேட்டாள், பெத்த பிள்ளைய ஊருக்கு முன்னால காட்டிக் குடுத்து உனக்கு என்ன கிடைச்சது எண்டு. யூஜீனியா வாளிய இறக்கி வச்சாள்.

"மாதாட கைய ஒட்ட ஆசாரி இருக்கிறார் றோசா. பொய்யில பழகின பிள்ளைய ஒட்ட ஆசாரி இல்ல. நம்மட பிள்ளைட பிழைய நாம மூடினா அது பெட்டிக்குள்ள கிடக்காது, ஒண்டும் செய்யாதவன்ட தலையில போய் விழும். பிள்ளை பிழை விட்டா, அதுட கையப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கிறதுதான் தாய்ட வேலை."