கை தூக்காத லோரிஸ்

என் புருஷன் லோரிஸ் தூக்கத்தில் கோல் போடுவான்.

விடியற்காலையில், ஜன்னலுக்கு வெளியே வெளுப்பு தட்டும் நேரத்தில், கம்பளிக்குள்ளிருந்து அவன் கைகள் இரண்டும் மெல்ல மேலே எழும். விரல்கள் விரியும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் அந்தக் கைகள் காற்றில் மிதந்துவிட்டு, தண்ணீரில் அமிழ்வதுபோல் இறங்கிவிடும். எழுந்ததும் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்பான். விழித்திருக்கும்போது ஒரு தடவையாவது அவன் அப்படிக் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் கோல் போடுவதுதான் அவன் பிழைப்பு.

எங்கள் நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஆடிய அணிக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு, மன்னித்துவிடுங்கள் என்பதுபோல் கையை லேசாக அசைத்துவிட்டு, நடுக்கோட்டுக்கு நடந்துவிட வேண்டும். அந்த ஊர் உப்பைத் தின்றவன் இல்லையா, அதற்கான மரியாதை. மற்றவர்கள் வாழ்க்கையில் நாலைந்து முறை அப்படிக் குனிவார்கள். லோரிஸுக்கு அதுவே வேலையாகப் போயிற்று.

பதினாறு வயதில் பெரிய நகரத்து அணி ஒன்று அவனை எடுத்தது. எடுத்ததோடு சரி. பிறகு வருஷா வருஷம் ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு, பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பதுபோல, இரவல் கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நானும் கூடவே போனேன். ஒவ்வொரு ஊரிலும் திரைச்சீலை தைத்து மாட்டினேன்; ஒரு வீட்டு ஜன்னல் அளவும் அடுத்த வீட்டோடு பொருந்தவில்லை. மேல் டிவிஷனில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் மழையில், கடைசிப் பத்து நிமிஷம். பந்து அவன் காலில் படவேயில்லை, சேறுதான் பட்டது. அந்த ஜெர்ஸியைத் துவைக்கவே கூடாதென்று ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றான்.

இப்படி ஊர் ஊராகப் போனதில், எந்த ஞாயிற்றுக்கிழமை யாரோடு ஆடினாலும் அது அவனுடைய பழைய அணியாகத்தான் இருக்கும். பந்து வலைக்குள் போகும், கூட்டம் எழுந்து கத்தும், கூட ஆடுபவர்கள் முதுகில் ஏறிக் குதிப்பார்கள், நடுவில் இவன் மட்டும் சவப்பெட்டிக்குப் பின்னால் நடப்பவன்போல் வருவான். 'துக்க வீட்டுக்காரன்' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை.

வருத்தமெல்லாம் என் மாமனாருக்குத்தான். ஒலிந்தோ மாமா கொமாக்கியோ என்ற கடலோர ஊரில் காலமெல்லாம் காயலில் விலாங்கு பிடித்தவர். அங்கே அவர் தெருமுனை பார் சுவரில் லோரிஸின் படங்களை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் கோல் போட்ட படங்கள். எல்லாவற்றிலும் குனிந்த தலை.

"ஒலிந்தோ, உம்ம பையன் கோல் போட்டானா, பர்ஸைத் தொலைச்சானா?" என்று பார் முதலாளி கேட்பான்.

"புல்லுக்குள்ள தேடுறான் பாரு. கிடைச்சா ஒரு ரவுண்டு வாங்கித் தருவான்" என்பான் இன்னொருவன்.

மாமா அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமுவார். "ஒரே ஒரு படம், நிவெஸ். கையத் தூக்கின மாதிரி ஒரே ஒரு படம். என்னமோ திருடிட்டு மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கிறானே, பெத்தவனுக்கு எப்படி இருக்கும்?" கண்ணில் புரை விழுந்து அவருக்குக் கிட்டத்தில் உள்ளதுதான் தெரியும். அறுவை சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று அடம். காயலில் வாழ்ந்தவனுக்குக் காது போதுமாம்.

அந்த வருஷம் லோரிஸின் முழங்கால் கைவிரித்துவிட்டது. கிறிஸ்துமஸோடு நிறுத்திவிடு என்றார் டாக்டர். போ நதிக்கரையில் காசல்நேரோ என்ற ஊருக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஆட்டம் காசல்நேரோவிலேயே, வால்செராவோடு. மலையடிவாரத்து அணி. பட்டியலைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அந்த டிவிஷனிலேயே லோரிஸ் சேர்ந்து ஆடாத ஒரே அணி வால்செராதான்.

உடனே மாமாவுக்கு போன் போட்டேன். "நான் வர்றேன். முன்வரிசை சீட்டு வாங்கு. பார்ல சொல்லிட்டு வர்றேன், சுவத்துல இடம் ஒதுக்கி வைக்கட்டும்" என்றார்.

சமையலறையில் லோரிஸை நிறுத்திக் கை தூக்கப் பழக்கினேன். துணி காயப்போடுபவன் மாதிரித் தூக்கினான்.

"முழங்கைய நீட்டு."

"நீட்டினா வெக்கமா இருக்கு."

"தூங்குறப்போ வெக்கமில்லையே, அப்ப மட்டும் எப்படித் தூக்குற?"

"நான் தூக்குறேனா?" என்று குழந்தைபோல் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சூப்பில் காப்பெல்லெத்தி, உள்ளே பூரணம் வைத்த மாவு உருண்டைகள், போட்டுக் கொடுத்தேன். பாதிக் கிண்ணத்தில் கரண்டியை வைத்துவிட்டான். ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிவெஸ், நான் வால்செரால சாப்பிட்டிருக்கேன்."

"என்ன உளறுற?"

"பதினாலு வயசுல. அவங்க ஆள் எடுக்குறாங்கன்னு அப்பா ரயில் ஏத்தி விட்டார். ரெண்டு நாள் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. ஆனா அங்க ஒரு அம்மா பார்லி சூப் குடுத்தா. இன்னொரு தடவையும் ஊத்தினா. ரயில்ல சாப்பிட ரொட்டியும் கட்டிக் குடுத்தா."

எனக்கு என்ன வருகிறது என்று புரிந்துவிட்டது. "லோரிஸ், வேண்டாம்."

"அவங்க உப்பையும் தின்னிருக்கேனே."

"ஒரு கிண்ணம் சூப்புடா! உன்னை வேணாம்னு துரத்துனவங்க குடுத்த சூப்பு! அதுக்கும் தலை குனிவியா? அப்போ நான் போட்ட சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற, தரையில படுத்துக் கும்பிடுவியா?"

"ரெண்டு கிண்ணம்" என்றான் மெல்ல.

கரண்டியைத் தூக்கித் தொட்டியில் எறிந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் இவன் வம்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் பார்லி சூப்பின் சூடு இன்னும் இவன் வயிற்றில் இருக்கிறது. இப்படிப்பட்டவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன், தெரிந்தே கட்டிக்கொண்டேன். மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. எங்கள் பக்கத்துப் பனி சும்மா வந்து போகிற பனி இல்லை, வந்தால் குடியேறிவிடும். தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. மரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மரங்களின் நினைப்புதான் இருந்தது. மைதானத்துக்கு நடக்கும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு எல்லாரும் என்னை மாதிரிதான் பாப்பாங்க" என்று சிரித்தார்.

ஒரு கோல்கம்பத்திலிருந்து எதிர்க் கம்பம் தெரிந்தால்தான் ஆட்டம் நடக்கும். நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூட்டிக்கொண்டு கோல்கோட்டில் போய் நின்றார். கடைசி ஆட்டம் என்று லோரிஸுக்குத்தான் அன்று கேப்டன் பட்டை.

"அந்தக் கம்பம் தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார் நடுவர்.

"நல்லாத் தெரியுது" என்றானாம் லோரிஸ்.

வால்செரா கேப்டன் அவர்களுடைய கோல்கீப்பர். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவன், திரும்பவும் ஒருமுறை வர அவனுக்கென்ன தலையெழுத்தா? "வலையில ஒரு முடிச்சு அவுந்திருக்கு, அதுகூடத் தெரியுது" என்றானாம். நடுவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி போங்கடா என்பதுபோல் விசிலை எடுத்தார்.

நானும் மாமாவும் ஒரு கோல்கம்பத்துக்குப் பின்னால் முன்வரிசையில் உட்கார்ந்தோம்; முதல் பாதியில் அந்தக் கம்பத்தை நோக்கித்தான் லோரிஸ் ஆடினான். பனியிலிருந்து வருவான், பனிக்குள் போவான். பந்து உதைபடும் சத்தம் முதலில் வரும், பந்து பிறகு வரும். ஒருமுறை எங்களுக்கு அருகிலேயே வந்து விழுந்து, எழுந்து முழங்காலைத் தடவினான். தலைமுடியில் பனித்துளிகள். எனக்கு என்னவோ அவன் அந்த மைதானத்தில் இல்லாமல், ஆடிய எல்லா மைதானங்களிலும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் இருந்தது. கோல் விழவில்லை.

இடைவேளையில், "மாமா, இனிமே அவன் அந்தப் பக்கம் ஆடுவான். வாங்க, அங்க போயிடலாம். போட்டோக்காரர்கூட அங்க போயிட்டார்" என்றேன்.

"பாதி ஆட்டத்துல சீட்டு மாத்துறதா? ராசி போயிடும்" என்று தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

"இங்க இருந்து ஒண்ணும் தெரியாது மாமா!"

"எனக்கு எங்க இருந்தாலும் தெரியாது. உக்காரு."

இரண்டாம் பாதி முழுக்க வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோல்கீப்பர் எங்களுக்கு முன்னால் குளிரில் துள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் கத்தல்கள், ஒரு விசில், ஒரு பெருமூச்சு, எல்லாம் வேறு ஏதோ ஊரில் நடப்பதுபோல் வந்தன. நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேனோ என்னவோ.

திடீரென்று அந்தப் பக்கம் வெடித்தது. "கோல்!"

எங்கள் பக்கத்துக் கூட்டம் எழுந்தது. எல்லோரும் பனியைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்: "யாரு போட்டது? ஏய், யாரு போட்டது?"

பதில் வருவதற்குள் பனி கொஞ்சம் கலங்கியது. அதற்குள்ளிருந்து முதலில் வந்தவை இரண்டு கைகள்.

தலைக்கு மேலே, முழங்கை நீட்டி, விரல்கள் விரிந்து. நான் விடியற்காலைகளில் பார்த்த அதே கைகள். பிறகு முகம், அதே சிரிப்பு. முழு மைதானத்தையும் அந்தப் பாழும் முழங்காலோடு நொண்டி நொண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். எனக்கு இது கனவா நிஜமா என்று ஒரு கணம் தெரியவில்லை. மாமா தட்டுத் தடுமாறி எழுந்தார். லோரிஸ் கம்பித் தடுப்பில் வந்து மோதி, அவர் முகத்துக்கு நேரே, கையை இறக்காமல் நின்றான். கிழவரும் இரண்டு கைகளையும் தூக்கினார். இருவரும் அப்படியே, மூச்சில் ஆவி பறக்க நின்றார்கள். படம் எடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

அப்போது பந்து வந்தது. வால்செராக்காரன் ஒருவன் பனிக்குள்ளிருந்து பந்தோடு பாய்ந்து, கை தூக்கி நிற்கும் லோரிஸின் முதுகுக்குப் பின்னால் உதைத்தான். எங்கள் கோல்கீப்பர் எப்படியோ விழுந்து பிடித்துவிட்டு, "லோரிஸ்! ஆஃப்சைடுடா! கோலைக் கேன்சல் பண்ணிட்டாங்க, ஓடு!" என்று அலறினான்.

எனக்கு உயிரே போய்விட்டது. வாழ்நாளில் ஒருமுறை தூக்கிய கை, அதுவும் இல்லாத கோலுக்கா? லோரிஸ் மெல்லக் கைகளை இறக்கி, திரும்பி, பனிக்குள் போனான். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மாமாவைக் கொமாக்கியோவில் விட்டு வர லோரிஸ் காரை ஓட்டினான். மாமா பின்சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார். கடைசியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கோட்டோரத்து நடுவர் கொடி தூக்கினது உனக்குத் தெரியல, இல்ல? பனியில பாவம், உன் தப்பில்ல."

"தெரிஞ்சுது" என்றான் ரோட்டைப் பார்த்தபடி. "நான் உதைக்கிறதுக்கு முன்னாலேயே தூக்கிட்டான். என் பக்கத்துலதான் நின்னான்."

"அப்புறம்?"

"பந்து உள்ள போச்சு. அவங்க கோல்கீப்பர் பையன்கூட வருத்தப்படல, சிரிச்சான். அப்பதான் தோணிச்சு. இது யாருக்கும் வலிக்காத கோல். யார் உப்புக்கும் துரோகமில்ல." கியரை மாற்றினான். "கை தானா மேல போயிடுச்சு, நிவெஸ். அப்பா மட்டும் பாத்தாப் போதும்னு ஓடினேன். அவர்கிட்ட சொல்லிடாத. கோலுன்னே நினைச்சுக்கட்டும்."

"சரி" என்றேன். இந்தப் பைத்தியக்காரனை அந்த நிமிஷம் நான் எவ்வளவு நேசித்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

பின்சீட்டில் தொப்பி அசைந்தது.

"நம்ம கோல்கீப்பர் கத்தினது வால்செரா வரைக்கும் கேட்டிருக்கும். அதுக்கு முன்னாடியே விசில் எனக்குக் கேட்டுச்சு" என்றார் மாமா. "கண்ணுதான் போச்சு, காது போகல."

லோரிஸ் காரின் வேகத்தைக் குறைத்தான். "அப்புறம் ஏன்ப்பா எந்திரிச்சுக் கையத் தூக்கினீங்க?"

"புள்ள எம்மாந்தூரத்துல இருந்து கையத் தூக்கிட்டு ஓடி வர்றான். கோலா இல்லையான்னு விசாரிச்சுட்டா எந்திரிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, தொப்பியை மறுபடியும் முகத்தில் இழுத்துக்கொண்டார்.