இடக்கை ராசகுமாரன்

சினிமாவில் பூதம் வருவதில் பூமாரிக்கு ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. வருகிற பூதம் ஒழுங்காக வர வேண்டும், அவ்வளவுதான்.

"பாதிப் பனமர ஒசரம் இருக்கான். காலடியில ஒரு புல்லு மடங்குச்சாடி? ராசகுமாரனுக்கு நெழல் விழுகுது, இவனுக்கு மட்டும் எங்க போச்சு?" என்று பக்கத்தில் இருக்கும் மூக்கம்மாளின் தொடையில் இடிப்பாள். மூக்கம்மாள் அடுத்த வீட்டுக்காரி. பூதத்தைப் பார்த்துப் பயப்படுவதற்காகவே சினிமாவுக்கு வருகிறவள். ஆசை ஆசையாகப் பயந்துகொண்டிருக்கும்போது ஒருத்தி புல்லையும் நிழலையும் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "சும்மா பாக்க விடுடி" என்று முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி பயப்படத் தொடங்குவாள்.

சாந்தன்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மாதக் கடைசிச் சனிக்கிழமை படம் போடுவார்கள். போடியிலிருந்து சூசையப்பன் ஜீப்பில் மெஷினை ஏற்றிக்கொண்டு வருவார். பாக்டரி மைதானத்தில் இரண்டு கம்பங்களை நட்டு, நாலு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியை நடுவில் இழுத்துக் கட்டுவார்கள். மெஷின் இருக்கும் பக்கம் கிளார்க்குகளுக்கும் வாத்தியாருக்கும் நாற்காலி, அதைச் சுற்றி ஆண்கள். பெண்களும் பிள்ளைகளும் துணிக்கு அந்தப் பக்கம், மேட்டுச் சரிவில். இப்படிப் பிரித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதிலிருந்து மாரியம்மன் கோயில் பொங்கல் வரைக்கும் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் நின்று பழகியவர்கள், படத்துக்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். துணி மெல்லியது. வெளிச்சம் ஊடுருவி வந்து அந்தப் பக்கமும் படம் நன்றாகவே தெரியும். எழுத்துப் போடும்போது மட்டும் எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கும். பூமாரிக்குப் படிக்கத் தெரியாது, எழுத்து எப்படிப் புரண்டால் அவளுக்கென்ன?

பெரியகுளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள் அவள். அப்பன் வீட்டில் சினிமா என்று வாயெடுத்தால் செருப்படிதான். ஆகவே அவள் வாழ்நாளில் பார்த்த படம் அத்தனையும் இந்தத் துணியில், இந்தப் பக்கமிருந்து பார்த்தவை. அதிலும் குடும்பப் படம் வந்தால் பாதியில் தூங்கிவிடுவாள். மாயாஜாலப் படம் என்றால் கண் இமைக்க மாட்டாள்.

கண் இமைக்காமல் பார்க்கிறவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. பறக்கும் கம்பளத்தில் போகிற ராசகுமாரியின் தலைமயிர் அசையவில்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். மேகம் என்னமாய் ஓடுகிறது, காற்று மட்டும் அடிக்கவில்லையாம். சூனியக்காரி மாயமாக மறைகிற இடத்தில், பக்கத்தில் நிற்கும் மந்திரியின் துண்டு ஒரு விரற்கடை இடம் மாறிவிட்டதையும் அவள்தான் பார்த்தாள். "படத்த நிப்பாட்டிட்டு அவள எந்திரிச்சுப் போகச் சொல்லிருக்காக. மந்திரியால ஆடாம அசையாம நிக்க முடியல" என்றாள். வெட்டிய தலை பேசுவதை அவள் மதிக்கவே மாட்டாள், மேசையில் ஓட்டை போட்டால் யார் தலையும் பேசும். ஆனால் பறக்கும் குதிரைக்கு மேலே கம்பி தெரிந்தால் மன்னித்துவிடுவாள். எஸ்டேட்டில் கொழுந்து மூட்டையே மலைக்கு மலை கம்பியில்தானே வருகிறது. அம்பும் அம்பும் வானத்தில் மோதித் தீப்பொறி பறக்கும்போது மட்டும் குறை சொல்ல வாய் வராது. அதை யாரோ நேக்குத் தெரிந்தவன் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்பாள். பொய் சொல்வதில் தப்பில்லை, மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆனால் அந்தப் படங்கள்மேல் அவள் உயிரை வைத்திருந்ததற்குக் காரணம் பூதமும் இல்லை, அம்பும் இல்லை. அந்த நாட்டில் எல்லோரும் இடதுகைக்காரர்கள்.

ராசகுமாரன் வாளை உருவுவது இடக்கையால். மந்திரவாதி கோலைச் சுழற்றுவது இடக்கையால். பட்டாபிஷேகம் முடிந்து ராஜா விருந்து சாப்பிட உட்கார்ந்தால், அவரும் இடக்கையால்தான் பிசைந்து சாப்பிட்டார். பூமாரி பிறவியிலேயே இடதுகைக்காரி. சின்ன வயதில் சோற்றில் இடது கை வைத்தபோதெல்லாம் அம்மா கரண்டிக் காம்பால் விரல் மொளியில் போட்டுப் போட்டுக் கையை மாற்றினாள். "பீச்சைக்கை" என்று தெருவே கூப்பிட்டது. மலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது. கொழுந்து கிள்ள இரண்டு கையும் வேண்டும், கூடை நிறைந்தால் எந்தக் கையால் நிறைந்தது என்று எவரும் கேட்பதில்லை. இருந்தாலும் அந்தப் பழைய வெட்கம் உள்ளே எங்கேயோ கிடந்தது. முதன்முதலில் ஒரு ராசகுமாரன் இடக்கையில் வாளைத் தூக்கியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்ற பெண்களுக்கு இது கண்ணில் படவில்லை. அவர்களுக்குக் கையைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன வந்தது?

அவள் மகள் காமாட்சிக்கு ஐந்து வயது. அதுவும் இடது கை. ஜூன் மாதம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் திருத்திவிட வேண்டும் என்று அப்பன் சுருளிவேல் சாப்பாட்டு நேரத்தில் அதன் இடது கையை ஒரு கிழிந்த துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினான். சுருளிவேல் பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்ப்பவன். அடித்துப் பேசத் தெரியாதவன், பிள்ளைமேல் பிரியமுள்ளவன். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கிறதே என்ற பயம்தான் அவனுக்கு. காமாட்சி வலது கையால் தடவித் தடவிச் சாப்பிட்டு, பாதியைப் பாவாடையில் சிந்திவிட்டு, பசியோடு எழுந்து போகும்.

பூமாரி இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் வாயைத் திறந்தாள்.

"இடது கைன்னா என்னங்க கொறஞ்சு போச்சு? ராசகுமாரன் பூராப் பேரும் அந்தக் கையாலதான சண்ட போடுறாக."

சுருளிவேல் சிரித்தான். "ஏ புள்ள, பூதத்துக்கு நெழல் இல்லன்னு கண்டுபிடிச்சவளுக்கு இது தெரியலையா? அவன் வலது கையாலதான வெட்டுறான்."

"நான் கண்ணால பாத்தேங்க."

"நான் என்ன முதுகாலயா பாத்தேன்?"

பேச்சு முற்றியது. கடைசியில் பந்தயம் என்று வந்து நின்றது. அடுத்த படத்தில் வீரன் இடக்கையால் வெட்டினால் காமாட்சியின் கைக்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். வலக்கையால் வெட்டினால் அதைப் பற்றி பூமாரி மூச்சு விடக் கூடாது. "சுருளியாண்டவர் மேல ஆணையா" என்றான் அவன். அவளும் சம்மதித்தாள். ஜெயிக்கப் போகிறவள் சம்மதிக்க என்ன தயக்கம்?

அந்த மாதம் வந்தது நல்ல படமாக அமைந்துவிட்டது. நாலு கை அரக்கன், எரிமலை, பேசும் கிளி எல்லாம் உண்டு. கடைசிச் சண்டையில் ராசகுமாரன் மலையுச்சியில் நின்று அரக்கனின் கைகளை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினான். வெட்டியது இடக்கையால். பூமாரி மடியில் தூங்கிக்கொண்டிருந்த காமாட்சியின் இடது உள்ளங்கையை எடுத்து முத்தமிட்டாள். அரக்கனின் நாலாவது கை வெறும் துணிப்பொதி என்று நன்றாகத் தெரிந்தும் அன்றைக்கு அவள் ஒரு குறை சொல்லவில்லை.

படம் முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்தைச் சுற்றி வந்தாள். எதிரே சுருளிவேலும் வந்தான். அவன் முகத்திலும் ஜெயித்த களை.

"பாத்தீகளா?" என்றாள் அவள்.

"பாத்தேன். இனி மூச்சு விடக் கூடாது நீ."

"நீங்க எதுக்குங்க பேச்ச மாத்துறீக? இடது கையால வெட்டுனத அம்புட்டுப் பொம்பளைகளும் பாத்தோம்."

"ஏய், கேட்டீகளாடா? இடது கையாம்" என்று அவன் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் ஒரே குரலில் வலது கை என்றார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று. மூக்கம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். படத்தின்போது அவள் கையைக் கவனித்தாளோ என்னவோ, இப்போது இடது கை என்று சத்தியம் பண்ணினாள். பத்து நிமிஷத்தில் தொழிலாளர் லயத்து ஆண்களெல்லாம் ஒரு கட்சி, பெண்களெல்லாம் ஒரு கட்சி. ஒரு பாயில் படுத்து எழுகிற புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் குருடு என்று சொல்லிக்கொண்டார்கள்.

ரீலைச் சுற்றிக்கொண்டிருந்த சூசையப்பனிடம் வழக்குப் போயிற்று. மனிதர் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். நான் வெளக்கிச் சொன்னா நம்ப மாட்டீக. கடேசி ரீல மறுக்கா ஓட்டுறேன். ஆம்பளைக மேட்டுக்குப் போங்க, பொம்பளைக இங்கிட்டு வாங்க" என்றார்.

கிளார்க்குகளும் வாத்தியாரும் முன்னமே வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூக்கம்மாள் போய் ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். ஆண்கள் மேட்டில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். ரீல் ஓடத் தொடங்கியது. பூமாரி மட்டும் உட்காரவில்லை. கம்பத்தருகே நின்று துணியையே பார்த்தாள். ராசகுமாரன் வாளை உருவினான். வலது கையில் உருவினான்.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. கழுத்தை நீட்டித் துணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இடது கை. இந்தப் பக்கம் தலையை இழுத்தாள். வலது கை. அதே அரக்கன், அதே மலையுச்சி. பிறகுதான் புரிந்தது. கம்பளத்தின் பொய்யையும் சூனியக்காரியின் பொய்யையும் கண்டுபிடித்தவள், இத்தனை வருஷமாக ஒரு வேட்டித் துணியிடம் ஏமாந்திருக்கிறாள். மெஷின் பக்கம்தான் நிஜம். சாமிகளும் ராஜாக்களும் மற்ற எல்லோரையும் போல வலதுகைக்காரர்கள். அந்த நாட்டிலும் அவளைப் போல ஒருவர் கிடையாது.

"என்னடி, இங்கிட்டிருந்து பாத்தா கம்பி நல்லாத் தெரியுது. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்றாள் மூக்கம்மாள். பூமாரி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரீல் முடிந்து மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் துணியின் சூட்சுமத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். குருடு என்று திட்டியவர்களெல்லாம் ராசியாகிவிட்டார்கள். பூமாரி சுருளிவேலிடம் போய், "நாந்தாங்க தோத்துட்டேன்" என்றாள். அவன் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் மத்தியானம் மொச்சைக் குழம்பு. பூமாரி தட்டை வைத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல், துண்டை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். காமாட்சி பழகிப்போய்த் தானாகவே கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றது. பூமாரி துண்டைப் பிரித்தாள்.

"அத அங்கிட்டு வையி" என்றான் சுருளிவேல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து மேட்டுல உக்காந்து பாத்தேன்ல. இடது கையால வெட்டுனா பாக்கக் கோணலா இருக்கும், கண்ண உறுத்தும்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன். கடேசி வரைக்கும் ஒண்ணும் உறுத்தல. அவன் பாட்டுக்கு நல்லாத்தான் வெட்டுனான்."

"அது துணியோட பின்பக்கமுங்க. நெசம் உங்க பக்கந்தான். பந்தயத்துல நான் தோத்தவ."

"தோத்தது நீ. புள்ள என்ன பந்தயமா கட்டுச்சு?"

பூமாரி துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். "வாத்தியாரு அடிச்சா?" என்றாள்.

"அவரு எந்நாளும் நாக்காலியில உக்காந்து பாத்த ஆளு. ஒருநாள் மேட்டுக்குக் கூட்டியாந்து உக்கார வைப்போம்" என்றான் சுருளிவேல்.

காமாட்சி அப்பன் முகத்தை ஒருதரம் பார்த்தது, அம்மா முகத்தை ஒருதரம் பார்த்தது. பிறகு இடது கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்து, வாய் கொள்ளாமல் அள்ளிப் போட்டுக்கொண்டது. பூமாரி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிள்ளை தட்டைவிட்டு நிமிராமல் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டது.